வீட்டுக்கு வந்த மெர்க்குரி: பழைய ஐரோப்பிய வெண்கலச் சிலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க, ரோமானியப் புராண உருவங்களை வெண்கலத்தில் சிறிதாக வார்த்து விற்கும் தொழில் ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. அவற்றில் நூறு, நூற்றைம்பது வயதானவை இன்றும் ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் கைமாறுகின்றன. நம் ஊரில் பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போதுகூட எப்போதாவது ஒன்று வெளியே வரும். நான் இவற்றைச் சேர்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விகள் இவை.

இவை பழஞ்சிலைகளா, நகல்களா?

இரண்டும்தான். உருவம் நகல், பொருள் பழையது. 1870இல் பாரிஸில் வார்த்த ஒரு வீனஸ், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பளிங்கு வீனஸின் நகல். ஆனால் அந்த வெண்கலத்தை உருக்கியவர், ஊற்றியவர், உளி பிடித்துக் கண்ணிமையைச் செதுக்கியவர் எல்லாரும் 1870இல் வாழ்ந்த மனிதர்கள். அவர்கள் வேலை நல்ல வேலையா என்பதுதான் சேகரிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. ‘நகல்தானே’ என்று ஒதுக்குபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரே பாடலை இரண்டு பேர் பாடினால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? வார்ப்பும் அப்படித்தான்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

இத்தாலியில், 15ஆம் நூற்றாண்டின் கடைசியில். ரோமில் மண்ணைத் தோண்டத் தோண்டப் பழைய பளிங்குச் சிலைகள் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிய சிலை போப்பாண்டவரிடம் போய்விடும். மற்றவர்களுக்கு அதன் சிறு வடிவமாவது வேண்டும். மாந்துவா நகரில் கொன்சாகா குடும்பத்துக்கு வேலை செய்த ஒரு சிற்பிக்கு ‘அந்திகோ’ என்றே பட்டப்பெயர். ‘பழங்காலத்தவர்’ என்று பொருள். வாடிகனில் இருக்கும் அப்பல்லோ பெல்வெதெரே சிலையை அவர் மேசை மேல் வைக்கும் அளவில் வெண்கலத்தில் செய்தார். முடிக்குப் பொன்முலாம் பூசினார், கண்களில் வெள்ளி பதித்தார். நகல் என்று எவரும் அதை மட்டமாகப் பேசவில்லை.

1540இல் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா, பிரிமாத்திச்சோ என்ற ஓவியரை ரோமுக்கு அனுப்பி, அங்கிருந்த புகழ்பெற்ற சிலைகளுக்கு அச்சு எடுத்துவரச் சொன்னார். அந்த அச்சுகளிலிருந்து முழு அளவு வெண்கலச் சிலைகள் வார்க்கப்பட்டு ஃபோன்தென்புளோ அரண்மனையில் நின்றன. அப்புறம் ஃபிளாரன்ஸில் ஜாம்போலோஞ்ஞா என்ற சிற்பி வந்தார். அவர் பழையதை நகலெடுக்கவில்லை. பழைய கதைகளுக்குப் புதிய உருவங்கள் செய்தார். தேவர்களின் தூதனான மெர்க்குரி பறப்பது போல அவர் செய்த சிலையைத்தான் பின்னால் உலகமே நகலெடுத்தது.

18ஆம் நூற்றாண்டில் இது வியாபாரமாகவே ஆனது. படித்து முடித்த ஆங்கிலேயச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் இத்தாலியைச் சுற்றிவரும் ‘கிராண்ட் டூர்’ வழக்கம் இருந்தது. ஊர் திரும்பும்போது கணப்பு மாடத்தின் மேல் வரிசையாக வைக்க ஏதாவது வேண்டுமே! ரோமில் ஸோஃபோலி குடும்பத்தாரும் பிரான்செஸ்கோ ரிகெத்தியும் அதற்கென்றே பட்டறை நடத்தினார்கள். ரிகெத்தி 1794இல் விலைப்பட்டியலே அச்சிட்டுவிட்டார்.

ஒரே வீனஸ் ஏன் இத்தனை அளவுகளில் கிடைக்கிறாள்?

அதற்கு ஒரு இயந்திரம் காரணம். 1836 வாக்கில் அஷில் கொலாஸ் என்ற பிரெஞ்சுக்காரர், சிலையை விகிதம் மாறாமல் சிறிதாக்கும் கருவியை உருவாக்கினார். ஒரு பக்கம் மூலச் சிலையின் பிளாஸ்டர் வார்ப்பு. அதன் மேல் ஒரு மழுங்கிய ஊசி மேடு பள்ளம் தவறாமல் ஊர்ந்து போகும். ஊசியோடு கோலால் இணைந்த கூர்வெட்டி, மறுபக்கம் வைத்த மென்மையான பிளாஸ்டர் கட்டியில் அதே அசைவைப் பாதியாகவோ, ஐந்தில் ஒன்றாகவோ வெட்டிக்கொண்டு வரும். அந்தச் சிறு மாதிரிக்கு அச்சு எடுத்து வெண்கலம் வார்ப்பார்கள்.

1838இல் கொலாஸும் ஃபெர்தினான் பார்பெதியெனும் கூட்டுச் சேர்ந்தார்கள். அதன்பின் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்கும் வீனஸ் வந்து சேர்ந்தாள். பார்பெதியென் வார்ப்புகளில் பீடத்தின் பின்புறமோ பக்கவாட்டிலோ ‘எஃப். பார்பெதியென் ஃபோந்தேர்’ (வார்ப்பவர்) என்ற எழுத்துகளும், பலவற்றில் கொலாஸின் தலையுருவம் பொறித்த சின்ன வட்ட முத்திரையும் இருக்கும். பார்பெதியென் 1892இல் இறந்தார். பட்டறையை அவர் குடும்பத்தினர் 1950கள் வரை நடத்தினார்கள். அதனால் அந்தப் பெயர் இருந்தாலே 19ஆம் நூற்றாண்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வெண்கல அப்பல்லோவின் காலடியில் மரக்கட்டை எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பழைய கிரேக்கர்கள் பெரும் சிலைகளை வெண்கலத்தில்தான் அதிகம் செய்தார்கள். பின்னால் வந்தவர்கள் காசுக்காகவும் ஆயுதங்களுக்காகவும் அவற்றில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். நல்ல வேளையாக, அதற்கு முன்பே ரோமானியர்கள் அவற்றில் பலவற்றைப் பளிங்கில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் பளிங்கு வேறு சாதிப் பொருள். முழு உடம்பின் பாரத்தையும் இரண்டு கணுக்காலில் நிறுத்தினால் ஒடிந்துவிடும். அதனால் பளிங்குச் சிற்பி காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டையைச் செதுக்கி முட்டுக் கொடுப்பார். வெண்கலத்துக்கு இந்த முட்டே வேண்டாம்.

சரி, 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ்காரர் அந்தப் பளிங்கு அப்பல்லோவைத் திரும்ப வெண்கலத்தில் வார்த்தாரே, அப்போது என்ன செய்தார்? மரக்கட்டையையும் சேர்த்தே வார்த்தார்! மூல வெண்கலத்தில் அநேகமாக இருந்திராத ஒன்று, பளிங்கு வழியாகச் சுற்றிவந்து, மறுபடி வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறது. என்னிடம் இருக்கும் சிறு அப்பல்லோவில் அந்தக் கட்டையின் மேல் ஏறும் பாம்பின் செதில்களைக்கூட யாரோ ஒருவர் உளியால் ஒவ்வொன்றாகக் கொத்தியிருக்கிறார். இரண்டாயிரம் வருடக் கதை அந்தக் கட்டையில் இருக்கிறது. அதனால்தான் வாங்க வருபவரிடம் நான் முதலில் முகத்தைக் காட்டுவதில்லை, கட்டையைக் காட்டுகிறேன்.

ஹெர்மீஸும் மெர்க்குரியும் ஒருவரா? எந்த உருவம் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிரேக்கப் பெயரும் ரோமானியப் பெயரும்தான் வேறு. ஹெர்மீஸ் என்றால் மெர்க்குரி, அஃப்ரோடைட்டி என்றால் வீனஸ், ஆர்ட்டமிஸ் என்றால் டயனா, டயோனைசஸ் என்றால் பாக்கஸ். ஏலப்பட்டியல்களில் பெரும்பாலும் ரோமானியப் பெயரே இருக்கும்.

நம் சிலைகளில் சங்கு சக்கரத்தைப் பார்த்துப் பெருமாள் என்று சொல்கிற மாதிரிதான் இங்கும். தொப்பியிலும் குதிகாலிலும் இறக்கை, கையில் இரண்டு பாம்பு சுற்றிய கோல் இருந்தால் மெர்க்குரி. தலையில் பிறைச்சந்திரன், அம்பறாத்தூணி, பக்கத்தில் மான் இருந்தால் டயனா. சிங்கத்தோலும் தடியும் ஹெர்குலிஸுக்கு. திராட்சைக்கொத்தும் கோப்பையும் பாக்கஸுக்கு. ஆட்டு வாலும் கூரான காதும் உள்ளவன் ஃபான் என்ற வனதேவன்.

பெயர்கள் தவறுவதும் உண்டு. இத்தாலியில் எரிமலை மூடிய பொம்பேயி நகரில் 1862இல் கிடைத்த ஓர் இளைஞன் சிலையை, எதிரொலிக்குக் காது கொடுத்து நிற்கும் நார்சிசஸ் (கிரேக்கக் கதைகளில் தன் அழகிலேயே மயங்கியவன்) என்றார்கள். இப்போது அது டயோனைசஸ் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆனால் நகல் சந்தையில் அவன் இன்றும் நார்சிசஸ்தான். அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைப்பான்.

வெண்கலமா, வெண்கலப் பூச்சா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே துத்தநாகத்தில் வார்த்து வெண்கல நிறம் பூசி விற்பது பெரிய தொழில். ஆங்கிலத்தில் அதை ஸ்பெல்டர் என்பார்கள். துத்தநாகம் சுமார் 420 டிகிரியிலேயே உருகிவிடும். வெண்கலத்துக்கு ஆயிரத்தை ஒட்டிய சூடு வேண்டும். எனவே துத்தநாக வேலை மலிவு, சுலபம். அந்தக் காலத்தில் அதை மலிவுப் பொருள் என்று சொல்லியே விற்றார்கள், அதில் தப்பில்லை. இன்று ‘ஆன்டிக் பிரான்ஸ்’ என்று விற்பதுதான் தப்பு.

நான் முதன்முதலில் வாங்கிய டயனா அப்படித்தான். ஒரு பழம்பொருள் கடையில் வெண்கலம் என்று சொல்லித் தந்தார்கள். தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது, நம்பிவிட்டேன். ஒரு வருடம் கழித்து வீடு மாற்றியபோது வில் பிடித்த கை மணிக்கட்டோடு ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் சர்க்கரை போலப் பொடிப்பொடியாக, வெளிர் சாம்பல் நிறம். வெண்கலம் அப்படி ஒடியாது; வளையும், நசுங்கும். ஒடிந்தாலும் உள்ளே செம்மஞ்சள் நிறம்தான் தெரியும். அந்தக் கையை இன்றும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்ட.

வாங்கும் முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத ஓரத்தில், கடைக்காரரின் அனுமதியோடு ஊசிமுனையால் ஒரு புள்ளி சுரண்டுங்கள். பொன்னிறமாக மின்னினால் வெண்கலம் அல்லது பித்தளை. வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் துத்தநாகம். விரல் நகத்தால் தட்டினால் வெண்கலம் கொஞ்சம் நின்று ஒலிக்கும். துத்தநாகம் ‘டொக்’ என்று நின்றுவிடும். மூக்கு நுனி, முழங்கால் மாதிரி கை படும் இடங்களில் பூச்சு தேய்ந்து வெள்ளை எட்டிப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். இப்போது இன்னொரு வகையும் வருகிறது, ரெசினில் வெண்கலப் பொடி கலந்து அச்சில் ஊற்றியது. தொட்டாலே தெரிந்துவிடும்: உலோகம் கைக்குச் சில்லென்று இருக்கும், ரெசின் இருக்காது.

காந்தம் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. வெண்கலமும் காந்தத்தில் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது. காந்தம் காட்டிக்கொடுப்பது இரும்பை மட்டும்தான்.

சிலையைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அடியில் என்ன இருக்கிறது?

எல்லாமே அங்கேதான் இருக்கிறது. முன்பக்கம் விற்பதற்காகச் செய்தது. அடிப்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துச் செய்தார்கள். அதனால் அது பொய் சொல்லாது.

என்னிடம் உள்ள மெர்க்குரி முழங்கை நீளம் இருக்கும். ஜாம்போலோஞ்ஞாவின் உருவம்தான்: இடது கால் நுனியில் நிற்கிறான், வலது கை விரல் வானத்தைக் காட்டுகிறது, காலுக்குக் கீழே காற்றுத் தேவன் வாயைக் குவித்து ஊதுகிறான். அந்த ஊதும் காற்றின் மேல்தான் அவன் நிற்பதாகக் கணக்கு. அதைக் கவிழ்த்தால், பீடத்துக்குள் கூடு. நம் சுவாமிமலை ஸ்தபதிகள் பூசைச் சிலைகளை உள்ளே கெட்டியாக வார்ப்பார்கள். ஐரோப்பியச் சிலைகள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம், சுவர் சில மில்லிமீட்டர் கனம். உள்சுவர் முழுக்க மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. நிறம் மங்கிய காப்பிப்பொடி நிறம், பளபளப்பே இல்லை. காலைப் பீடத்தோடு பிணைக்கும் இரும்புத் திருகாணியின் மறை (நட்) சதுரமாக, நான்கு பக்கமும் ஒரே அளவாக இல்லாமல், அரத்தால் ராவிய கோடுகளோடு இருக்கிறது. அதைச் சுற்றி இரும்புத் துரு வெண்கலத்தின் மேல் கசிந்து கறை போட்டிருக்கிறது. இந்தக் கறை ஒரு நாளில் வராது.

புதிதாக வார்த்துப் பழசாக்கிய சிலையைக் கவிழ்த்தால் வேறு காட்சி. உள்ளே ஒரே சீராகக் கறுப்பு வண்ணம் அடித்திருப்பார்கள், அல்லது பித்தளை போல மஞ்சளாகப் பளிச்சிடும். அறுகோண மறை, இயந்திரத்தில் செய்த திருகாணி, அடியில் புத்தம்புது பச்சை வெல்வெட் துணி. வெல்வெட் ஒட்டியிருந்தால் ‘ஒரு ஓரம் பிரித்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். மறுத்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. பிரெஞ்சுப் பட்டறைகளில் கை, தலை, உடல் என்று தனித்தனியாக மணலில் வார்த்து, ஒன்றின் வாயில் மற்றொன்றைச் செருகி, ஆணி அடித்து, விளிம்பைச் சுத்தியால் தட்டி மூடி, மேலே உளி ஓட்டிவிடுவார்கள். ‘ரோமன் இணைப்பு’ என்று பெயர். நல்ல வேலையில் தோள்பட்டையில் அந்தக் கோடு எங்கே என்று டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கும்.

‘வார்ப்பிலிருந்து எடுத்த வார்ப்பு’ என்றால் என்ன? அதில் என்ன குறை?

பட்டறையில் இருக்கும் மூல மாதிரியிலிருந்து அச்சு எடுக்காமல், ஏற்கெனவே முடிந்த ஒரு வெண்கலச் சிலையிலிருந்தே அச்சு எடுத்து வார்ப்பது. பிரெஞ்சில் சுர்மூலாஜ். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும். ஐம்பது சென்டிமீட்டர் சிலையிலிருந்து எடுத்தது நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். அதே உருவத்தின் சரியான அளவு தெரிந்திருந்தால் டேப் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

அளவைவிட முக்கியம், கூர்மை போய்விடும். தலைமுடிச் சுருள் களிமண் போல ஆகும், விரல்களுக்கு நடுவே இடைவெளி அடைபடும், நகம் இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருக்கும். பட்டறை முத்திரையும் சேர்ந்தே அச்சில் விழுந்திருப்பதால் எழுத்துகள் ஓரம் மழுங்கி, சோப்பில் எழுதியது போல இருக்கும். அசலில் வெட்டிய எழுத்துக்கு விளிம்பு இருக்கும். விரலால் தடவினால் தட்டும். பிரான்ஸில் 1981ஆம் ஆண்டு ஆணைப்படி இப்படிப்பட்ட நகல்களில் ‘ரெப்ரொதுக்சியோன்’ (நகல்) என்று அழியாதபடி பொறிக்க வேண்டும். அந்தச் சொல்லைப் பார்த்தால் சிலை அதற்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முத்திரையோ தேதியோ இல்லாத சிலையின் வயதை எப்படிக் கணிப்பது?

மூலச் சிலை எப்போது கிடைத்தது என்று பாருங்கள். மண்ணிலிருந்து வெளிவராத சிலையை யாரும் நகலெடுத்திருக்க முடியாது. மிலோஸ் தீவு வீனஸ் கிடைத்தது 1820. பொம்பேயியின் ஆடும் ஃபான் 1830. சமோத்ரேஸ் தீவின் இறக்கை முளைத்த வெற்றித் தேவதை 1863. அவள் கப்பல் முகப்பின் மேல் நிற்கும் காட்சி லூவரில் அமைந்தது அதற்கும் பிந்தி, 1880களில். கடலுக்கடியிலிருந்து ஆர்ட்டமீசியன் முனையில் எடுத்த ஜீயஸ் (பொசைடன் என்பாரும் உண்டு) 1926 முதல் 1928 வரையிலான தேடலில் கிடைத்தவன். அவனுடைய சிறு வெண்கலத்தை ‘19ஆம் நூற்றாண்டு’ என்று யாராவது விற்றால், மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

லாவோகூன் இதில் தனிச் சுவை. ட்ராய் நகரத்துப் பூசாரியையும் அவன் இரண்டு மகன்களையும் பாம்புகள் சுற்றி நெரிக்கும் இந்தப் பளிங்குச் சிலை 1506இல் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தது. கிடைத்தபோது அப்பாவின் வலக்கை இல்லை. கையை மேலே நீட்டியதாக ஒட்டுப்போட்டு வைத்தார்கள். நூற்றாண்டுகளாக நகலெடுத்தவர்களும் அப்படியே நீட்டிவிட்டார்கள். 1906இல் ரோமில் உண்மையான கை ஒன்று அகப்பட்டது. அது மடங்கிய கை. 1950களின் இறுதியில் வாடிகன் அதைச் சிலையில் சேர்த்தது. ஆகவே பழைய வெண்கல லாவோகூன் பெரும்பாலும் கையை நீட்டியிருப்பான். கை தலைக்குப் பின்னால் மடங்கியிருந்தால், அது நம் காலத்து வார்ப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பீடத்தில் பெரிய சிற்பியின் பெயர் இருக்கிறது. நம்பலாமா?

பெயரை வைத்து வாங்காதீர்கள். எழுத்துகளை வெட்டுவது சிலை செய்வதைவிடச் சுலபம். இன்று வார்க்கும் அலங்காரச் சிலைகள் பலவற்றில் பழைய சிற்பிகளின் பெயரைக் கூசாமல் போட்டுவிடுகிறார்கள். மாறாக, இத்தாலியில் நன்றாக வார்த்த பழஞ்சிலைகள் பலவற்றில் பெயரே இருக்காது. உலோகத்தைப் பாருங்கள், உளி வேலையைப் பாருங்கள், கடைசியாகப் பெயரைப் படியுங்கள்.

ஒரே உருவம் ஒன்று பச்சையாகவும் ஒன்று கறுப்பாகவும் இருக்கிறதே?

நேப்பிள்ஸ் சிலைகளைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்து பொம்பேயியையும் ஹெர்குலேனியத்தையும் மூடியது. இரண்டு ஊரையும் மூடிய பொருள் ஒன்றல்ல. பொம்பேயியின் வெண்கலங்கள் பச்சைக் களிம்பு ஏறி வந்தன. ஹெர்குலேனியத்துச் சிலைகள் கருமையாக வந்தன, பழுதுபார்த்தவர்களும் அந்தக் கருமையை இன்னும் கூட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் பட்டறைகள் இதையே வியாபாரமாக்கின. ‘பொம்பேயி நிறமா, ஹெர்குலேனியம் நிறமா, மறுமலர்ச்சிக் காலத்துப் பழுப்பா?’ என்று கேட்டு, அதற்கேற்றபடி அமிலமும் சூடும் கொடுத்து நிறமேற்றித் தருவார்கள். பாட்டினா என்பது இந்த மேல்நிறம்தான்.

அந்தப் பட்டறைகளில் பெரிய பெயர் கியூராட்சி. ஜென்னாரோ கியூராட்சி 1870இல் தொடங்கியது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தின் சிலைகளிலிருந்தே அச்சு எடுத்து வைத்திருந்தார்கள். சர்க்கஸ் முதலாளி ஜான் ரிங்லிங் 1920களில் இவர்களிடம் வாங்கிய வார்ப்புகள் அமெரிக்காவின் சரசோட்டாவில் இன்றும் நிற்கின்றன. கலிஃபோர்னியாவின் கெட்டி வில்லா தோட்டத்திலும் இவர்கள் வார்த்த நகல்கள் உண்டு. ஜோர்ஜோ சோமர், சபத்தீனோ தெ ஆஞ்செலிஸ் என்பவையும் அதே ஊர்ப் பெயர்கள். சோமர் புகைப்படக்காரராகவும் பேர் வாங்கியவர்.

கேட்டு வாங்கிய பச்சை என்பதால் ‘இது செயற்கைப் பச்சை’ என்று யாரும் குறை சொன்னால் கவலைப்படாதீர்கள். அந்தச் செயற்கைக்கே இப்போது நூற்றிருபது வயது.

மின்பகுப்பில் செய்த சிலைகள்?

உண்டு. அச்சுக்குள் மின்சாரத்தால் செம்பைப் படிய வைத்து எடுப்பார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனத்தார் இதில் பேர் பெற்றவர்கள். நுணுக்கம் அபாரமாக விழும். தகடு மெல்லியது, உட்புறம் செம்புநிறத்தில் பருக்கள் பருக்களாக இருக்கும். வெண்கலம் அல்ல என்று தெரிந்து, அதற்கான விலையில் வாங்கினால் நல்ல பொருள்தான்.

எப்படிச் சுத்தம் செய்வது?

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, சாம்பல், பாத்திரம் விளக்கும் பொடி எதுவும் கூடாது. குத்துவிளக்கைப் பளபளக்க வைப்பது நமக்குக் கைவந்த பழக்கம், அன்பாகத்தான் செய்வோம். ஆனால் இந்தச் சிலைகளில் மேல்நிறம்தான் பாதி உயிர். ஒரு வீட்டில், நூறு வயதுக்கு மேற்பட்ட பழுப்பு நிற பாக்கஸை ஆயுத பூஜைக்குத் தேய்த்துப் புதுச் சொம்பு மாதிரி ஆக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். திரும்ப அந்த நிறத்தைக் கொண்டுவர யாராலும் முடியாது.

மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள், உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, ஆறவிட்டு, துணியால் மெருகேற்றலாம். வெறுங்கையால் அடிக்கடி தொடாதீர்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள உப்பும் ஈரமும் சேர்ந்தால் ‘வெண்கல நோய்’ வரலாம். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு ஆபத்தில்லை. வெளிர்பச்சையில், குச்சியால் தொட்டால் மாவாக உதிரும் புள்ளிகள்தான் ஆபத்து. உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தை உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சிலையை உடனே தனியாக எடுத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் நாற்பது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது அப்படியே அடங்கும். பிறகு தேர்ந்த பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். வீட்டு வைத்தியம் வேண்டாம்.

மெர்க்குரியின் கோல் இல்லை, டயனாவின் வில் இல்லை. வாங்கலாமா?

வாங்கலாம். தனியாகச் செருகும் பாகங்கள் தொலைவது சகஜம். நூறு வருடத்தில் எத்தனை வீடு மாறியிருக்கும்! விலை குறைத்துக் கேளுங்கள். புதிதாகச் செய்து பொருத்தினால் கழற்ற முடிகிற மாதிரி செய்யுங்கள், விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். விரல் ஒடிந்து ஒட்டியது, கழுத்தில் விரிசல், உடம்பில் துளையை அடைத்தது போன்றவை வேறு விஷயம். அவற்றுக்கு யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் வைத்திருக்க, விற்க, வெளிநாடு அனுப்பச் சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு வயதுக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள். எந்த நாட்டில் செய்தது என்ற பேதம் அந்த வரையறையில் இல்லை. தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. எனவே உங்கள் தாத்தா வாங்கிவைத்த பாரிஸ் வீனஸை வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்ப நினைத்தால், பெட்டி கட்டும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் அந்த நாட்டு ஏற்றுமதி விதியையும் பார்க்க வேண்டும். இத்தாலியில் எழுபது வயதைத் தாண்டி, 13,500 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள பொருளுக்கு அனுமதி வேண்டும். ரசீது, ஏலப்பட்டியலின் பக்கம், சுங்கத் தாள் மூன்றையும் சிலை இருக்கும்வரை பத்திரமாக வையுங்கள்.

நம் கோயில் செப்புத் திருமேனிகளையும் இப்படிச் சேகரிக்கலாமா?

கூடாது. இரண்டும் ஒன்றல்ல. நான் பேசும் சிலைகள் கடையில் விற்கவே பிறந்தவை. திருமேனி வழிபாட்டுக்குப் பிறந்தது, கோயிலுக்குச் சொந்தமானது. ஸ்ரீபுரந்தான் நடராசர் திருடுபோய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014இல் திரும்பி வந்தது நமக்குத் தெரியும். பழைய சோழச் சிலை என்று யாராவது காட்டினால் காவல்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் நடராசர் வேண்டும் என்றால் சுவாமிமலைக்குப் போய் ஸ்தபதியிடம் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். மெழுகில் பிடிப்பதிலிருந்து கண் திறப்பது வரை பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் எதை வாங்க வேண்டும்?

முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். போய்ப் பாருங்கள். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஐரோப்பிய வெண்கலங்கள் இருக்கின்றன. சென்னையிலிருந்து ஒரு இரவு ரயில். கொல்கத்தாவின் மார்பிள் பேலஸ் என்ற பழைய மாளிகையிலும் கிரேக்கப் புராண உருவங்கள் நிறைய. காதுமடல், கால்விரல் இடுக்கு, முடியின் பின்பக்கம் மூன்றையும் ஒவ்வொரு சிலையிலும் பாருங்கள். அலுப்பில்லாமல் வேலை செய்தவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் வாங்குவதென்றால், என் விருப்பம் நேப்பிள்ஸின் ஆடும் ஃபான். மூலம் 71 சென்டிமீட்டர்தான் என்பதால் முழு அளவு நகலே வீட்டுக்குள் அடங்கும். சிறிய அளவுகள் ஏராளம், ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பழக வசதி. கையில் எடுத்ததும் பின்பக்கம் திருப்பி, அந்தச் சின்ன வாலைப் பாருங்கள். முறுக்கிய மயிர் தனித்தனிக் கோடாக இருந்தால், விலை என்ன என்று கேட்கலாம்.